லியோன் பக்கத்துலேர்ந்து பேசறேன்

எங்கள் கலைக் கல்லூரியின் மேல்மாடியில் லத்தீஃபா ஸக்காத்துக்கு ஒரு அறை இருந்தது. மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துத் தூசியும், கீழே முற்றத்தில் மாணவர் சங்கத்துப் பையன்கள் போடும் கோஷமும் உள்ளே வராதபடி சுவர் முழுக்கக் கம்பளி ஒட்டிய அறை. மனிதன் வாயிலிருந்து வரும் ஒலியை அளந்து, பிரித்து, எழுதி வைப்பதுதான் அவர் படிப்பு. அந்தக் கம்பளியைக்கூட அவரே பழைய சந்தையில் பேரம் பேசி வாங்கி, தன் தங்கையை உதவிக்கு வைத்துக்கொண்டு ஒட்டினார். பல்கலைக்கழகம் கொடுத்தது கதவுக்குப் பூட்டு மட்டும்.

நான் பக்கத்து அறையில் அரபு இலக்கணம் நடத்துகிறவன். முனீர் என்று பெயர். எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆணை ஸி என்றும் பெண்ணை லல்லா என்றும் கூப்பிடுவார்கள். மழைக்காலத்தில் அந்த அறையின் கூரை ஒழுகும். லத்தீஃபா பிளாஸ்டிக் வாளி கேட்டு என் அறைக்கு வருவார். அமைச்சகத்துக்கு எழுதினார், ரெக்டருக்கு எழுதினார். முடியாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட ஒரு குளிர்காலத்தில்தான் டீன் ஸி லஹ்லூ எங்கள் துறைக் கூட்டத்துக்கு வந்து, தேநீர் வரவழைத்து, எல்லோருக்கும் தன் கையாலேயே ஊற்றினார். டீன் தேநீர் ஊற்றினால் ஏதோ வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

"லல்லா லத்தீஃபா, கூரை ஒழுகுது, மைக் செத்துப்போச்சுன்னு எத்தனை தடவை என்கிட்ட வந்து நின்னிருக்கீங்க! இப்ப அல்லாஹ் ஒரு ஆளை அனுப்பியிருக்கான்."

"அல்லாஹ் அனுப்பினானா, காசாப்ளாங்காவுலேர்ந்து யாராவது அனுப்பினாங்களா?"

காசாப்ளாங்காவில் இருந்துதான். ஃபிரான்ஸில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை, ரயில் டிக்கெட் கேன்சல் ஆகவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்கு இங்கே மொராக்கோவில் உட்கார்ந்து பதில் சொல்லும் கால் சென்டர் கம்பெனி. ஃபெஸ்ஸில் புதுக் கிளை திறக்கிறார்கள். ஆள் வேண்டும். எங்கள் கல்லூரியிலேயே 'வாடிக்கையாளர் தொடர்பு' என்று ஒரு பட்டப்படிப்பு தொடங்கினால், லத்தீஃபாவின் அறையைப் புதுசாக்கித் தருவார்கள். படிப்பை முடிக்கிற எல்லோருக்கும் வேலை. மொழியியல் பட்டத்துக்குப் புதுச் சேர்க்கையைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான். இடம் போதாதே.

லத்தீஃபா எழுந்து, "இது பல்கலைக்கழகமா, அவங்க ஆள் எடுக்கற ஆபீஸா?" என்றார்.

டீன் கோபப்படவில்லை. "ரபாத்துக்குப் போய்ப் பாருங்க. பார்லிமெண்ட் முன்னாடி பட்டத்தைக் கழுத்துல தொங்கப் போட்டுக்கிட்டு, வேலை குடுன்னு கத்தி, போலீஸ்கிட்ட அடி வாங்கறானுங்களே, அதுல எத்தனை பேரு நம்ம பசங்கன்னு தெரியுமா? அந்தப் பட்டத்துல இருக்கறது என் கையெழுத்து. மொழி படிச்சவனுக்கு வேலை குடுக்கறேன்னு ஒருத்தன் வாசல்ல நிக்கறான். கதவைச் சாத்திடவா? சொல்லுங்க, சாத்திடறேன்."

அவர் சொன்னது பொய் இல்லை. இந்தக் கதையில் எனக்கு இன்றுவரை கசக்கிற இடம் அதுதான். பொய் சொல்லியிருந்தால் எதிர்த்திருப்போம்.

லத்தீஃபாவை இளக்கியது டீன் இல்லை, வியாம். தௌனாத் மலைப்பக்கத்துப் பெண். அப்பா ஷேர் டாக்சி ஓட்டுகிறவர். மொழியியல் மூன்றாம் ஆண்டு. அவளுக்கு இருந்த காது லத்தீஃபாவின் மாணவர்களில் வேறு யாருக்கும் இருந்ததில்லை. டீன் மாதிரி பேசுவாள், என்னை மாதிரி பேசுவாள், வானொலியில் செய்தி வாசிக்கிறவரை மாதிரி பேசுவாள். ஆளை நேரில் பார்க்காமல் கேட்டால் ஏமாந்துவிடுவோம். அவளை முனைவர் பட்டம் வரை கொண்டுபோய் அந்த அறையை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது லத்தீஃபாவின் கணக்கு.

"நீயாவது வேண்டாம்னு சொல்லு மகளே," என்றார் லத்தீஃபா.

"உஸ்தாதா, எங்கண்ணன் எம்.ஏ. முடிச்சிட்டு பாப் ஃப்தூஹ் கோட்டைவாசல்ல தரையில துணி விரிச்சு ஃபோன் கவர் விக்கறான். அவன்கிட்ட போய்க் கேளுங்க, இது வேணுமா வேண்டாமான்னு."

லத்தீஃபா ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: காலையில் அறை ஆராய்ச்சிக்கு, மதியத்துக்கு மேல் கம்பெனிக்கு. கம்பெனியின் ஆள் கரீம் பென்ஷக்ரூன் அதைக் கேட்டதுமே "தாராளமா, மேடம்" என்றான். ஃபெஸ்ஸில் பிறந்து பாரிஸில் படித்துத் திரும்பியவன். டை கட்ட மாட்டான், குரலை உயர்த்த மாட்டான், மாணவர்களை மாணவர்கள் என்று சொல்ல மாட்டான். 'நம்ம திறமைகள்' என்பான். எதைக் கேட்டாலும் உடனே சம்மதிப்பான். அந்தக் குணத்துக்குத்தான் பயந்திருக்க வேண்டும்.

கூரை ஒரே வாரத்தில் சரியானது.

முதல் வகுப்புக்கு லத்தீஃபா என்னையும் கூட்டிப்போனார். கரீம் ஒவ்வொருவருக்கும் பிரெஞ்சுப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தான். மொழியியலோடு இதிலும் சேர்ந்திருந்த வியாமுக்கு எலோடி. அப்துல்ஜலீல் என்று ஒரு குண்டுப் பையன். அவனுக்கு ஜெரோம்.

"ஐயா, எங்கப்பா ஆடு அறுத்து ஊரைக் கூப்பிட்டு வெச்ச பேரு ஐயா," என்றான் அப்துல்ஜலீல்.

வகுப்பே சிரித்தது. கரீமும் சிரித்தான். "வீட்டுக்குப் போனதும் அதைத் திருப்பி எடுத்துக்கப்பா. யாரு வேண்டாம்னா? அங்க ஒரு கிழவிக்கு இன்டர்நெட் வரலை. ஏற்கெனவே கடுப்புல இருக்கா. ஃபோனை எடுக்கறவன் பேரு அப்துல்ஜலீல்னு கேட்டா அவளுக்கு என்ன ஆகும்? நாம அவளுக்கு ஒரு உதவி பண்றோம், அவ்வளவுதான்."

"எங்கேர்ந்து பேசறேன்னு கேட்டா?" என்றாள் வியாம்.

"லியோன் பக்கத்துலேர்ந்துன்னு சொல்லு. லியோன்னு சொல்லிடாதே. லியோன்காரி யாராவது, எந்தத் தெருன்னு கேட்டுடுவா."

அதன் பிறகு உச்சரிப்பு. அதுதான் லத்தீஃபாவின் வேலை. எங்கள் ஊரில் பழைய ஃபெஸ் குடும்பத்தார் 'ர'வை உருட்ட மாட்டார்கள், நாக்கு எங்கும் படாமல் வழுக்கிக்கொண்டு போகும். மலைப்பக்கத்தார் உருட்டி அடிப்பார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கோ அது தொண்டையில் பிறக்க வேண்டும். "நம்ம அரபி 'கைன்' எழுத்து இருக்குல்ல, அதைச் சொல்லு. கொப்புளிக்காதே! தண்ணி குடிச்சா இறங்குதுல்ல, அந்த இடத்துல லேசா உரசு. இன்னும் லேசா. ம்... அப்படித்தான்."

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். வியாம் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது லத்தீஃபா என்னிடம் சொன்னார்: "ஸி முனீர், நான் நல்லா சொல்லிக் குடுக்கறேன். அதான் எனக்குப் பிடிக்கலை."

தொடக்கத்தில் ஒரு தடவை, பயிற்சி முடிந்து ஒரு தடவை, எல்லோரும் ஒரே வாக்கியங்களை மைக் முன்னால் படிக்க வேண்டும் என்றான் கரீம். முன்னேற்றத்தை அளக்கணுமே! வாக்கியங்களை லத்தீஃபாவே எழுதினார். பிரெஞ்சு மொழியின் எந்த ஒலியும் விட்டுப்போகாதபடி, அதற்கு முன்னும் பின்னும் வேறு வேறு ஒலிகள் வரும்படி, உட்கார்ந்து செதுக்கி எழுதினார். வந்திறங்கிய மைக்குகளோ, ஆயுசு முழுக்க அவர் படத்தில் மட்டும் பார்த்தவை. அந்த ஒரு பருவம் அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் மறுக்க மாட்டேன். அந்தப் பதிவுகளை வைத்து, பிரெஞ்சு பேசும்போது மலைப்பக்கத்துக்காரர்களின் உயிரொலி எப்படி மாறுகிறது என்று அவரும் வியாமும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஃபிரான்ஸில் கிரெநோபிளில் நடக்கும் மாநாட்டில் அதை ஏற்றுக்கொண்டார்கள். வியாமுக்குப் பாஸ்போர்ட் எடுக்க அவள் அப்பா தௌனாத்திலிருந்து தன் டாக்சியிலேயே வந்தார்.

மாநாட்டுக்கு முன்னால் கரீம் பாதாம் இனிப்புப் பெட்டியோடு லத்தீஃபாவின் அறைக்கு வந்தான். கட்டுரை ரொம்பப் பிரமாதம், ஆனால் வெளியிட முடியாது. அந்தப் பதிவுகள் கம்பெனியின் சொத்து. ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றான்.

லத்தீஃபா இனிப்புப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக டீன் அறைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"பதிவு நடந்தது என் ரூம்ல. வாக்கியம் நான் எழுதினது. குரல் என் பிள்ளைங்களோடது. இதுல அவங்களோடது எது, சொல்லுங்க!"

"மைக்," என்றார் டீன். "மைக் அவங்களோடது. கூரையும்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அலுத்துப்போன மனிதர் உண்மையைச் சொல்லுகிற மாதிரி சொன்னார். லத்தீஃபா பெட்டியை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். டீனின் அலுவலகத்தார் மாலைக்குள் அதைத் தின்று முடித்தார்கள்.

வியாம்தான் ஆசிரியைக்குத் தேறுதல் சொன்னாள். "விடுங்க உஸ்தாதா, பாஸ்போர்ட் அஞ்சு வருஷத்துக்கு இருக்கு." படிப்பு முடியும் முன்பே கம்பெனி அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. கிளையிலேயே அவளுக்குத்தான் பெயர். கத்திக்கொண்டு கூப்பிடுகிறவர்கள் நன்றி சொல்லி வைத்துவிடுவார்களாம். பிறகு கரீம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் பதிவு வேண்டும் என்றான். பின்னால் வருகிறவர்களுக்குப் பயிற்சிக்காக. அதற்குத் தனியாகப் பணமும் கொடுத்தான். பல மாதங்கள், ஓய்வு நாளெல்லாம், அவள் அந்தக் கம்பளி அறையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தாள். சிரித்துக்கொண்டு, வருத்தத்தோடு, பொறுமையாக, அவசரமாக, மன்னிப்புக் கேட்டு. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"என் குரல் பாடப்புத்தகம் ஆகப்போகுது ஸி முனீர்," என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். நானும் வாழ்த்தினேன்.

வசந்தத்தில் பெரிய அரங்கில் விழா. ரெக்டர் வந்தார், அமைச்சகத்து ஆட்கள் வந்தார்கள், எங்கள் கல்லூரியில் அதுவரை யாரும் பார்க்காத அளவுக்குப் பூ வந்தது. பல்கலைக்கழகமும் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கிய கண்டுபிடிப்பு என்று கரீம் மேடையில் அறிவித்தான். அப்துல்ஜலீலைக் கூப்பிட்டு ஒரு மைக்கைக் கொடுத்தான்.

"ஜெரோம், கத்துக்கிட்டதெல்லாம் மறந்துடு. உங்க ஊர்ல பேசற மாதிரியே பிரெஞ்சு பேசு. நல்லா உருட்டிப் பேசு."

அப்துல்ஜலீலுக்குக் குஷி. வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, மலைக்காரன் சந்தையில் கழுதைக்கு விலை பேசுகிற தோரணையில் வாயைத் திறந்தான். ஒலிபெருக்கியில் வந்தது அவன் குரல் இல்லை. ஒரு இளம்பெண்ணின் குரல். சுத்தமான, கனிவான பிரெஞ்சு. "வணக்கம், நான் எலோடி, உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

அவன் பேசப் பேச அவன் வாயசைப்புக்கு அந்தப் பெண் பேசினாள். அவன் மலைத்துப்போய் வாயை மூடினான், அவளும் நிறுத்தினாள். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

லத்தீஃபா என் கையைப் பிடித்தார். "வியாம்," என்றார்.

வியாமும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு அவள் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் எழுந்து நின்றாள். "ஐயா," என்றாள், மைக் இல்லாமல். "ஐயா, அது நான்."

கரீம் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. முகமெல்லாம் மலர்ந்து அவளை நோக்கிக் கை நீட்டினான். "ஆமா! நானே சொல்ல இருந்தேன். நம்ம எலோடி! எல்லாரும் ஒரு கைதட்டு குடுங்க!"

எல்லோரும் தட்டினார்கள். ரெக்டர் எழுந்து நின்று தட்டினார். அந்தப் பெண் நடுவில் நின்றாள். உட்காரவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை.

அதன்பின் நடந்ததற்கு ரொம்ப நாள் ஆகவில்லை. யார் பேசினாலும் எலோடியாகக் கேட்கும்போது, உச்சரிப்புக் கற்றவர்களுக்கு எதற்குக் கூடுதல் சம்பளம்? இன்னும் மலிவாக ஆள் கிடைக்கிற வேறு நாட்டுக்கு வேலை போனது. ஃபெஸ் கிளையில் ஆட்களைக் குறைத்தார்கள். அதிகச் சம்பளம் வாங்கியவர்களை முதலில் அனுப்பினார்கள். அதாவது, வியாமை. புதுப் பட்டப்படிப்பு 'மறுபரிசீலனை வரை' நிறுத்தப்பட்டது. அதற்கு இடம் கொடுக்க ஏற்கெனவே சேர்க்கையை நிறுத்தியிருந்த மொழியியல் துறையில் இப்போது மாணவர்களே இல்லை. மாணவர் இல்லாத துறை எதற்கு என்று ரெக்டர் அலுவலகம் கேட்டது. நியாயமான கேள்வி.

துறைக் கூட்டத்தில் லத்தீஃபா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றுதான்.

"அந்தப் பொண்ணை ஏமாத்தியிருக்கீங்க!"

"கையெழுத்துப் போட்டிருக்கா. காசும் வாங்கியிருக்கா," என்றார் டீன்.

"எதுக்குன்னு சொல்லி வாங்கினாங்க?"

"பயிற்சிக்குன்னு."

"யாருக்குப் பயிற்சி?"

டீன் பேனாவை உருட்டினார். "மெஷினும் படிக்குதுன்னு வெச்சுக்கோங்களேன், லல்லா."

லத்தீஃபாவும் வியாமும் ஒரு வக்கீலிடமும் போனார்கள். நல்ல மனிதர், முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு வியாமைப் பார்த்து, "உங்க குரலைத் திருடிட்டாங்கன்னு சொல்றீங்க. ஆனா இப்ப எங்கிட்ட அதுலதானே பேசறீங்க? ஜட்ஜ் அதைத்தான் கேப்பாரு," என்றாராம். பணம் வாங்கவில்லை.

அவள் அண்ணன் ஒரு நாள் ஏதோ பார்சல் வரவில்லை என்று ஒரு நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறான். ஆளே இல்லாமல் பதில் சொல்லும் இயந்திரம் ஒன்று தங்கை குரலில் பேசியிருக்கிறது. "வியாம், நீயா? மறுபடி வேலை கிடைச்சிடுச்சா?" என்று சந்தோஷத்தில் கத்தியிருக்கிறான். உங்கள் கேள்வி புரியவில்லை, மன்னிக்கவும், என்று அது பணிவாகச் சொல்லியிருக்கிறது. இதை வியாம் என்னிடம் சொல்லும்போது அவன் மாதிரியும் பேசிக் காட்டினாள், அது மாதிரியும் பேசிக் காட்டினாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

லத்தீஃபா விடவில்லை. "இதையே ஆராய்ச்சி பண்ணு," என்றார். "மனுஷக் குரலையும் மெஷின் குரலையும் காது எதை வெச்சுப் பிரிக்குதுன்னு எழுது. உன்னைவிட யாருக்கு இது தெரியும்?" ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து திட்டம் தயாரித்தார்கள். முனைவர் பட்டச் சேர்க்கைக் குழுவில் அந்த வருடம் முதல் புதிதாக ஒரு நாற்காலி: 'தொழில்துறைப் பங்காளி'. அதில் கரீம் உட்கார்ந்திருந்தான்.

அவன் அவளிடம் அன்பாகத்தான் பேசினான். "ரொம்ப நல்ல திட்டம். ஒரே ஒரு கேள்வி. இதை யாரு வாங்குவாங்க?"

வியாம் பிரெஞ்சில் பதில் சொல்லவில்லை. மலைப்பக்கத்து அரபியில், உருட்டி, நிதானமாகச் சொன்னாள்: "நான் விக்க வரலைங்க. படிக்க வந்தேன்."

"பார்த்துப் பேசும்மா," என்றார் டீன்.

கரீம் கையமர்த்தினான். "பரவாயில்ல. தலைப்பைக் கொஞ்சம் மாத்தினா உதவித்தொகை நாங்களே தர்றோம். மெஷின் குரலை வயசானவங்க இன்னும் சீக்கிரம் நம்பறதுக்கு என்ன பண்ணலாம்? இதை எடுத்துக்க."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். திட்டம் சந்தைத் தேவையோடு பொருந்தவில்லை என்று குழு முடிவெழுதியது. அறைக்கு வெளியே லத்தீஃபா அவளைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் அழவில்லை. "டாக்சி பிடிக்கணும் உஸ்தாதா, அப்பா காத்துக்கிட்டிருப்பாரு," என்றாள் வியாம்.

இப்போது அவள் தாஸாவில் ஒரு தனியார் மழலைப் பள்ளியில் இருக்கிறாள். அவள் பிரெஞ்சைக் கேட்ட நிமிஷமே முதலாளி அம்மாள் சேர்த்துக்கொண்டாளாம். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோரிடம் வாசலில் நின்று ஒவ்வொரு காலையும் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அதற்குத்தான் சம்பளம். மற்ற நேரம் மூக்குத் துடைக்கிறாள்.

லத்தீஃபாவின் அறையில் கம்பளியை உரித்துவிட்டுக் கண்ணாடி போட்டார்கள். 'புத்தாக்க வெளி' என்று பெயர். காப்பி இயந்திரமும் வண்ண வண்ண மெத்தைகளும் இருக்கின்றன. கம்பெனி பெயரில் ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தி அதை லத்தீஃபாவுக்கே தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். முன்கூட்டியே ஓய்வு கேட்டார், அதை அவர்கள் மறுத்துவிட்டார்கள். எல்லாத் துறை முதலாண்டு மாணவர்களுக்கும் கட்டாயம் ஆக்கப்பட்ட 'தொடர்புத் திறன்' பாடத்தை நடத்த வேறு ஆள் இல்லை. நேர்முகத் தேர்வில் எப்படி உட்கார வேண்டும், கை எங்கே இருக்க வேண்டும் என்று பெரிய அரங்கில் நின்று சொல்லிக்கொடுக்கிறார்.

போன மாதம் கல்லூரிக் குழு கூடியது. கார்களுக்கு ஒயர் பின்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்று வரலாற்றுத் துறையோடு கைகோக்க விரும்புகிறது. எதற்கு வரலாறு என்று எனக்கு விளங்கவில்லை. கட்டடம் பெரிது, அதனால் இருக்கலாம். டீன் தேநீர் ஊற்றினார். எதிர்ப்பு உண்டா என்று கேட்டதும் லத்தீஃபா எழுந்து, எங்கள் துறைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

வரலாற்றுத் துறையில் புதிதாகச் சேர்ந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் கை தூக்கினார். கண்ணியமான பையன், படித்தவன். "மேடம், நீங்க சொல்றது எல்லாம் சரி. நான் நம்பறேன். ஆனா உங்க மாணவி ரெண்டு வருஷம் சம்பளம் வாங்கினா இல்லையா? என் பசங்க ஒரு நாள்கூட வாங்கினதில்லை மேடம்."

லத்தீஃபா உட்கார்ந்தார்.

வாக்கெடுப்பில் எதிராகத் தூக்கிய கைகள் இரண்டு, அவருடையதும் என்னுடையதும். கூட்டம் முடிந்து, வெளிவாசல் கடையில் ஆளுக்கு ஒரு கிண்ணம் பிஸாரா பயற்றுக்கஞ்சி வாங்கிக்கொண்டு நின்றோம். கடைக்காரன் எண்ணெய் ஊற்றி, சீரகம் தூவிக் கொடுத்தான்.

"அந்தப் பையன் தப்பா ஒண்ணும் சொல்லலை," என்றார் லத்தீஃபா.

"இல்லை," என்றேன்.

அவர் ரொட்டியைப் பிய்த்து முக்கினார், தின்னவில்லை. முதலாண்டு வகுப்புக்கு மணி அடித்தது. கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுப் படியேறிப் போனார்.